ஈரம் காயாத பூச்சு

நேற்று அந்த இடத்தில் சுவிட்ச் இல்லை. மெர்லுக்கு அதில் சந்தேகமே கிடையாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால், துடைப்பம் சாத்தி வைக்கும் மூலையில், இடுப்பு உயரத்தில், ஒற்றை வெள்ளைச் சுவிட்ச் ஒன்று முளைத்திருந்தது. சுற்றிலும் பூசியிருந்த பூச்சு இன்னும் காயவில்லை. கேப் டவுனின் ஜூலை மழையில் எதுதான் காய்கிறது. ஈரச் சிமெண்டின் வாடையும், வெளியே கொட்டும் மழையின் வாடையும், அடுப்பில் கொதிக்கும் பட்டாணி சூப்பின் வாடையும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் வந்து நின்றன. சுவிட்சைப் போட்டாள். எதுவும் எரியவில்லை. அணைத்தாள். எதுவும் அணையவில்லை.

முந்தின நாள் வந்துபோன எலக்ட்ரீஷியன் இக்ஷானுக்குப் போன் போட்டாள்.

"கதவுக்குப் பின்னாடி எதுக்குப்பா ஒரு சுவிட்ச் வெச்ச?"

"நான் எங்க ஆன்ட்டி வெச்சேன்? இருக்கறதை டெஸ்ட் பண்ணி, சரியா இருந்தா கையெழுத்து. அதோட என் வேலை முடிஞ்சுது."

"அப்ப இதை யாரு வெச்சது?"

"என்னைக் கேட்டா? ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் கையெழுத்துப் போட்டப்புறம் அந்த வீட்ல ஒரு முழம் ஒயர் புதுசா இழுத்தாலும் சர்டிபிகேட் செல்லாது. தொடாதீங்க, நான் வரேன்."

செல்லாது என்ற சொல் அவளைச் சுட்டது. வீட்டு ஒயரிங் சரியாக இருக்கிறது என்ற அந்தச் சர்டிபிகேட் இல்லாமல் வீடு கை மாறாது. வீடு கை மாறாமல் அவள் நைஸ்னாவில் இருக்கும் மகள் கார்லினிடம் போய்ச் சேர முடியாது. வாங்குகிறவர்கள் இளம் ஜோடி. இந்த மாதத்துக்குள் முடியாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். விற்பனைப் பத்திரம் எழுதும் வக்கீல் ஆபீஸ் பெண் தினமும் போனில் தேனாகப் பேசிக் கழுத்தை அறுத்தாள்.

வீடு மெர்லுடைய அப்பா வழியில் வந்தது. ஆனால் அதன் ஒயர் ஒவ்வொன்றும் கணவர் ஆப்ரி இழுத்தது. வேறொருவனை மெயின் பெட்டியைத் தொட விட்டதில்லை. சமையலறை விளக்கு, நடை விளக்கு, முன்னறை விளக்கு எல்லாவற்றையும் கட்டிலில் தன் பக்கத்தில் படுத்தபடியே அணைக்கும்படி இணைத்திருந்தார். மெர்ல் படிக்கிற விளக்குக்கும் சுவிட்ச் அவர் பக்கம்தான். அவருக்குத் தூக்கம் வந்தால் வீட்டுக்கே தூக்கம் வர வேண்டும். பாதி வரியில் இருட்டான ராத்திரிகள் எத்தனையோ. அவள் அதை வெறுத்தாள். வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான். ஜனவரியில் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது பக்கமும் போய், அவர் காப்பகத்தில் கிடக்கிறார். வீட்டை விற்பது அவருக்குத் தெரியாது.

இக்ஷான் வந்து சுவிட்சைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"வேலை என்ன சுத்தம் பாருங்க! எவனோ நல்லா கை பழகினவன். ஆன்ட்டி, என்னையும் வரச் சொல்லிட்டு, பின்வாசல் வழியா இன்னொருத்தனையும் கூப்பிட்டீங்களா?"

"எனக்கு வேற பொழப்பில்லையா?"

"கோவிச்சுக்காதீங்க. எங்கம்மாவும் இப்படித்தான், பண்ணிட்டு இல்லவே இல்லைம்பாங்க."

பிடுங்கினான், குழியை அடைத்தான், மறுபடி டெஸ்ட் செய்து புதுச் சர்டிபிகேட் எழுதினான். மறுநாள் காலை நடையில் இன்னொரு சுவிட்ச் இருந்தது. அதே வெள்ளை. அதே ஈரம். இந்த முறை படுக்கையறைக்கு நாலடி முன்னால்.

அன்று பிற்பகல் காப்பகத்துக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் ஆப்ரி கிடந்தார். இடது கண் மட்டும் அவளைத் தொடர்ந்தது. மெர்ல் ரூய்போஸ் டீயைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே, "வீடு அப்படியே இருக்கு, ஆப்ரி. கூரைகூட ஒழுகல," என்றாள். பொய் சொல்லும்போது அவள் குரல் எப்போதும் கொஞ்சம் உயர்ந்துவிடும். அவருக்கு அது தெரியும். போர்வையை இழுத்துவிடும்போது அவருடைய வலது கை வெளியே வந்தது. ஆறு மாதமாக அசையாத கை. நகங்களுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சுரண்டி முகர்ந்தாள். ஈரச் சிமெண்ட்.

"சிஸ்டர், இவரு கையைக் கழுவலையா?"

நொம்வூயோ சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கழுவாம என்னம்மா? காலைல நானே கழுவினேன். தினமும் கழுவறேன், தினமும் வந்துடுது. பாவம், சுவத்தைச் சொறியறாரு போல."

"அந்தக் கையாலயா?"

சிஸ்டர் அந்தக் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள்; அது அப்படியே விழுந்தது. ஆப்ரியின் இடது கண் மெர்லைப் பார்த்தபடியே இருந்தது.

பயம் என்றால் அப்படியொரு பயம். ஆனால் பயத்துக்கு அடியில் கோபமும் இருந்தது. படுத்த இடத்திலிருந்தும் இந்த மனுஷன் விட மாட்டாரா என்ற கோபம்.

அடுத்த சுவிட்ச் படுக்கையறையில், அவள் தலைமாட்டுக்கு மேலேயே வந்தது.

இக்ஷான் அன்று கிண்டல் செய்யவில்லை. மச்சுப் பலகையை நகர்த்திக் கூரைக்கடியில் ஏறினான். வெகுநேரம் அங்கே தவழும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை, முகத்தில் ரத்தமில்லை.

"இதுவரைக்கும் வந்த சுவிட்ச் எல்லாத்துல இருந்தும் மேல ஒயர் ஓடியிருக்கு ஆன்ட்டி. நான் கீழ மட்டும்தான் பார்த்தேன், என் தப்பு. எல்லாம் ஒரே இடத்துக்குப் போகுது."

"எங்க?"

"உங்க கட்டிலுக்கு நேர் மேல. அங்க வந்து சுருட்டி வெச்சிருக்கு. எர்த் கிடையாது. வேலை பாதில நிக்குது."

சாயங்காலம் வரை உட்கார்ந்து அத்தனை ஒயரையும் பிடுங்கிச் சுருளாகத் தன் வண்டியில் போட்டான். எல்லாப் புள்ளியையும் திரும்ப டெஸ்ட் செய்தான். சமையலறை மேசையில் வைத்துச் சர்டிபிகேட்டில் கையெழுத்திட்டான்.

"காலைல முதல் வேலையா வக்கீல்ட்ட குடுத்துடுங்க. இன்னைக்கு எங்கம்மா வீட்ல வந்து படுங்க. சாப்பாடெல்லாம் நல்லாருக்கும்."

போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவள் போய்விட்டால் இந்தச் சுவர்களை யார் பார்த்துக்கொள்வது? விடிவதற்குள் இன்னொரு சுவிட்ச் வந்தால் எல்லாம் பழையபடி முதலிலிருந்து.

"இல்லப்பா. இது எங்கப்பா வீடு. ஒரு ராத்திரி முழிச்சிருந்தா ஒண்ணும் ஆயிடாது."

"பிடிவாதம்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

எட்டு மணிக்கு வழக்கம்போல மின்வெட்டு. தெரு முழுக்க ஒரே மூச்சில் இருண்டது. திரும்ப வரும்போது மின்சாரம் எகிறிக் குதித்துப் பிரிட்ஜைச் சுட்டுவிடும் என்று எல்லா வீட்டிலும் செய்வது போல, மெர்லும் நடைக்குப் போய் மெயினை இறக்கினாள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சுவர்களைத் தடவத் தொடங்கினாள்.

இருட்டில் தடவும்போதுதான் ஒரு வீட்டில் எவ்வளவு சுவர் இருக்கிறது என்று தெரிகிறது. காலண்டருக்குப் பின்னால், அலமாரிக்குப் பக்கவாட்டில், கார்லினின் கல்யாணப் படத்துக்கு அடியில் என்று உள்ளங்கையை வைத்து வைத்து நகர்ந்தாள். எங்கும் பழைய பெயிண்டின் வழவழப்பு, மழை நாளின் சில்லிப்பு, அவ்வளவுதான். மேலே தகரக் கூரையில் மழை இரைந்தது. இரைச்சலுக்கு அடியில் இன்னொன்று. ஓட்டை வழியாக ஒயரை இழுக்கும்போது வருமே, அந்த உரசல். நின்று கேட்டாள். நின்றுவிட்டது. நடந்தாள். உரசியது.

"எலி," என்று வாய்விட்டுச் சொன்னாள். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கடைசிச் சுவரையும் தடவி முடித்தாள். ஒன்றுமில்லை. வீடு முழுக்க எங்கும் ஈரமில்லை. சமையலறையில் மர நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, மூன்று பக்கச் சுவரும் கண்ணில் படும்படி உட்கார்ந்தாள். மேசையில் சர்டிபிகேட். மடியில் டார்ச். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. சிரிப்புக்கூட வந்தது.

"இனிமே என் விளக்கை நானே அணைச்சுக்கறேன், ஆப்ரி," என்றாள்.

அயர்ந்துபோனாள் போலிருக்கிறது. விழித்தபோது மழை நின்றிருந்தது. டார்ச் எங்கோ உருண்டிருந்தது. ஒரே இருட்டு. தோளில் தண்ணீர் சொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினாள்.

கை வரவில்லை.

மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். விரல்களை அசைத்தாள். அசைந்தன. மணிக்கட்டு மட்டும் நாற்காலிக் கையோடு இருந்தது. சில்லென்று. மெல்லிசாக. இறுக்கமாக. இடது கையும். கணுக்காலும். இரண்டிரண்டு சுற்று. முனைகள் உள்பக்கம் மடித்து, தோலைக் கீறாதபடி நறுவிசாகத் திருகியிருந்தது. செம்புக் கம்பி.

மேலே பார்த்தாள். மச்சில் பலகை நகர்ந்திருந்தது. அந்தக் கறுப்பு ஓட்டையிலிருந்து அவளை நோக்கி ஒயர்கள் இறங்கின.

இழுத்தாள். நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது. மேலிருந்து யாரோ பதிலுக்கு, செல்லமாக, ஒருமுறை இழுத்தார்கள்.

கத்த வாயைத் திறந்தபோது மின்சாரம் வந்தது. தெரு முழுக்க விளக்கு. எதிர் வீட்டில் பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள். பக்கத்து வீட்டு ரேடியோ விட்ட இடத்திலிருந்து பாடத் தொடங்கியது. ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தன் கைகளைப் பார்த்தாள். உடம்பு முழுவதும் சுருண்டு, பல்லைக் கடித்துக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் வீடு மட்டும் இருட்டாகவே இருந்தது.

மெயின். மெயினை இறக்கியிருந்தாள். அவள் கையால். கடவுளே, நல்லவேளை. அழுகையும் சிரிப்புமாக மூச்சு வெளியே வந்தது.

நடையில் மெயின் பெட்டியின் தகர மூடி திறந்தது.