பின்சீட்டுக்கு அடியில்

சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பினால் பின்சீட்டுக்கு அடியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும்; இரண்டு நொடி வந்து நின்றுவிடும். பெட்ரோல் பம்பு ஓடும் சத்தம் அது. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளில் ஜீவராஜ் உதட்டை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை அப்படியே எழுப்பிக் காட்டினான். புருஷன் காருக்குப் பதிலாக முனகுவதைப் பார்த்து பத்மப்ரியா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இன்று அந்தச் சத்தம் வரவில்லை. சாவியை இன்னும் திருப்பினாள். இஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது, ஆகவே பாட்டரியைக் குறை சொல்ல முடியாது. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது.

சொந்தக்காரர் வீட்டு விசேஷம் முடிந்து விழுப்புரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெருமுக்கல் வருவதற்கு முன்னால் ஜீவராஜ் வண்டியை ஒரு மண்பாதையில் திருப்பி, மூடிக்கிடந்த கல்குவாரி ஓரமாக நிறுத்தினான்.

"திண்டிவனம் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். இங்கயே சாப்புட்டுடு, பத்மா."

அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அவர்கள் சமணக் குடும்பம்; இருட்டிவிட்டால் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். மேற்கைப் பார்த்து ஒரு பாறையில் உட்கார்ந்து, பனைமரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்த சூரியனை விட்டுக் கண்ணை எடுக்காமல், கேப்பை அடையை அவசர அவசரமாக விழுங்கினாள். அவன் டப்பாவைத் தொடவே இல்லை. பசியில்லை என்றான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் பொழுது சாய்வதற்குள் சாப்பிடாமல் அவன் இருந்ததே கிடையாது. அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆனால் கையில் பாதி அடை மிச்சமிருந்தது, சூரியனில் பாதிதான் மிச்சமிருந்தது. முதுகுக்குப் பின்னால் பானெட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறானாம்.

அதற்கப்புறம் அவன் சாவியைத் திருப்பியும் அவள் திருப்பியும் வண்டி கிளம்பவில்லை. அவன் பின்கதவைத் திறந்து டார்ச்சை எடுத்தான்.

"மெக்கானிக்கக் கூட்டிக்கினு வர்றேன். எறங்காத."

போய்விட்டான். பின்கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்பதைச் சொல்லும் சின்னச் சிவப்பு விளக்கு டேஷ்போர்டில் எரிந்துகொண்டே இருந்தது. எட்டிச் சாத்தக் கை எட்டவில்லை. குவாரிப் பள்ளத்துத் தண்ணீரிலிருந்து பாசி வாடை மெல்ல ஏறி வந்தது. பாதையோரக் கொல்லையில் கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசின, காற்று நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உரசின.

போனவாரமும் இந்தப் பக்கம்தான் அவன் தனியாக வந்து, வண்டி நின்றுபோய் ராத்திரியில் மாட்டிக்கொண்டான். எப்படி வந்தீங்க என்று கேட்டதற்கு, யாரோ தள்ளிவிட்டாங்க என்றான். யார் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். சளி என்று நினைத்து அவள் கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

போன் செய்தாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"ஊருக்குள்ள வந்துட்டேன். ஆளப் பாத்துக்கினு இருக்கேன்."

குவாரிக்கு மேலே ஒரு மயில் அகவியது. அதே அகவல், அதே நொடியில், போனுக்குள்ளும் கேட்டது.

அவன் ஊருக்குள் இல்லை. இங்கேயே எங்கோ நிற்கிறான்.

"ஏங்க பொய் சொல்றீங்க?"

 மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "அன்னிக்கு வண்டியத் தள்ளிவிட்டது, ராவெல்லாம் காதுகிட்ட வந்து உன்னக் கேக்குது. என்னால முடியல, பத்மா," என்றான். அழுகிற குரல். போனை வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இறங்கினாள். போன் வெளிச்சத்தில் பானெட்டைத் தூக்கி, ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். வரிசையாகக் கறுப்பு ரிலேக்கள், ஒவ்வொன்றுக்கும் கரண்டைத் திறந்துவிடும் குட்டிப் பெட்டிகள்; நடுவில் பல் விழுந்த ஈறுபோல ஓர் இடம் காலி. மூடியின் உட்புறப் படத்தைப் பார்த்தாள். பெட்ரோல் பம்பு ரிலே. அது தானாகக் கழன்று விழாது. அவள் சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் பிடுங்கியிருக்கிறான். எந்தத் திசையில் பார்ப்பாள், எதற்காகத் திரும்பமாட்டாள் என்று கட்டிய புருஷனுக்குத் தெரியாதா? 

ஆனால் அவனும் ஒன்றை மறந்திருந்தான். ஒருமுறை வளவனூரில் இதே ரிலே கெட்டபோது, ஹாரன் ரிலேயைப் பிடுங்கி இதில் சொருகி வீடு வந்து சேர்ந்தவன் அவன். டார்ச் பிடித்தவள் அவள்.

ஹாரன் ரிலேயைப் பிடுங்கினாள். சொருகினாள்.  பின்கதவைச் சாத்த நாலு அடி வைத்தபோது கரும்புக்குள் தோகைகள் விலகின. ஒரே நேர்க்கோட்டில். அவளை நோக்கி.

ஓடிப்போய் முன்சீட்டில் விழுந்தாள். கதவைச் சாத்தினாள். சாவி.

'ம்ம்ம்.'

இரண்டு நொடி. நின்றது.

பம்பு ஓடிவிட்டது. இனிக் கிளம்பிவிடும். ஹெட்லைட்டைப் போட்டாள்.

எதிரே, பாதை நடுவில், ஜீவராஜ். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முதுகைக் காட்டிக்கொண்டு. இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டு. வெளிச்சம் மேலே விழுந்தும் திரும்பவில்லை.

ஹாரனை அழுத்தினாள். சத்தமில்லை. அதன் உயிரைத்தான் பம்புக்குக் கொடுத்தாயிற்று. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"என்னங்க," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

பின்பக்கம் கார் லேசாகத் தாழ்ந்தது.

டேஷ்போர்டில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு சாத்தியாயிற்று. மெதுவாக. உள்ளேயிருந்து.

பாசி வாடை.

சாவியில் இருந்த கையை அவள் அசைக்கவில்லை.

'ம்ம்ம்.'

இரண்டு நொடி. நிற்கவில்லை. மூன்று. நான்கு. சீட்டுக்கு அடியிலிருந்து வரவில்லை, அவள் பிடரிக்கு நேராக வந்தது. உதட்டை மூடிக்கொண்டு, ஜீவராஜின் குரலில்.

நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தொடங்கியது.