கொள்ளி வைத்த உறவு

அறுபத்தேழாம் வருஷம் கார்த்திகைப் புயல் ஓய்ந்த மறுநாள் காலை, ராஜமாணிக்கம் பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் போனபோது ஊரே அங்கே கூடியிருந்தது. மணலில் ஒரு பிணம் குப்புறக் கிடந்தது.

அந்த ஊருக்குப் பிணம் புதிதல்ல. டச்சுக்காரன் காலத்திலிருந்து கப்பல் பார்த்த ஊர். கடைத்தெருவில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் சண்டை போட்டு, உருதுவில் சமாதானமாகிப் போவார்கள். கடல் ஒதுக்கும் பிணத்துக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பள்ளிவாசல் காசிம் லெப்பை, மாதா கோயிலில் மணியடிக்கும் தானியேல், மீனவக் குப்பத்துத் தலைவரான நாட்டார் முனுசாமி, மூன்று பேரும் சேர்ந்து உடம்பைக் கழுவி அடையாளம் பார்ப்பார்கள். யாருடைய ஆள் என்று தெரிந்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். தெரியாவிட்டால் மூவரும் ஆளுக்கொரு பிரார்த்தனை சொல்லி மேட்டில் புதைப்பார்கள். அநாதை என்று ஒருவனையும் அந்த ஊர் கைவிட்டதில்லை.

காசிம் லெப்பை தண்ணீர்ச் செம்போடு குனிந்தார். ராஜமாணிக்கம் பிணத்தின் கைகளைப் பார்த்தான். கழுவினால் நசுங்கிய விரல்கள் தெரிந்துவிடும்.

நசுக்கியவன் அவன்தான். முந்தாநாள் காற்று ஏறும் நேரத்தில் தனியாகக் கரை திரும்பிக்கொண்டிருந்தான். கப்பலிலிருந்து விழுந்த யாரோ ஒருவன் நீந்தி வந்து அவனுடைய கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டான். மரத்தின் மேல் வலை நிறைய இறால். வலையைத் தள்ளிவிட்டால் ஆளை ஏற்றலாம். ராஜமாணிக்கம் துடுப்பை எடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் அந்த மனிதன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். என்ன பாஷையோ, கெஞ்சுகிறான் என்பது மட்டும் புரிந்தது. புரிந்துதான் அடித்தான், படுபாவி.

“பாய், தொடாதீங்க!” கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான். “இது எங்க பெரிம்மா மவன். ஆந்திராவுலேர்ந்து படகுல என்னியப் பாக்க வந்துக்கினு இருந்தான்.”

முனுசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாடா சொல்ற? மெய்யாலுமா?”

“என் ஊட்டு ஆளுன்றேன். நானே கொள்ளி வெக்கிறேன், நாட்டாரே.”

வீட்டு ஆள் என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்ன பிறகு மற்றவர்கள் கை வைப்பதில்லை. லெப்பை செம்பைக் கீழே வைத்தார். ராஜமாணிக்கம் கையோடு கையாக முகத்தையும் மூடித் துணி சுற்றி, குடம் உடைத்து, தன் பாட்டன் முப்பாட்டன் பெயரெல்லாம் சொல்லிக் கொள்ளி வைத்தான்.

“உனுக்கு ஏதுயா ஆந்திராவுல பெரிம்மா?” என்று அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு கேட்டாள். முறைத்து வாயை அடைத்தான்.

உறவு என்று சொல்லியாகிவிட்டது, ஊருக்காகவாவது காரியம் செய்ய வேண்டும். பதினாறாம் நாள் மத்தியானம் படையலுக்கு முன்னால் உட்கார்ந்தான். காற்று செத்துக் கிடந்தது. வெளியே காக்கை சத்தம்கூட இல்லை. கருகிய உப்பும் ஈர மரமும் கலந்த வாடை ஒன்று மெல்ல வந்து மூக்கில் ஏறியது. பக்கத்தில் கிடந்த கோரைப்பாய், யாரோ உட்கார்ந்தது போல அழுந்தியது.

யாரும் இல்லை.

“சோறு போடட்டுமா?” என்றாள் சின்னப்பொண்ணு.

போடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

வந்தது அந்தச் சொல்.

துடுப்படிக்கு நடுவே கேட்ட அதே சொல்.

“இன்னாயா உளர்ற?” அவள் சிரித்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மறுபடியும் பேசிப் பார்த்தான். தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை. எழுந்து ஓடினான். உண்மையைக் கொட்டிவிட்டால் அந்த ஆவி விட்டுவிடும் என்று தோன்றியது.

மூன்று பெரியவர்களும் பள்ளிவாசல் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். காலில் விழுந்து, செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி அழுதான். அவன் காதிலேயே அது முழுக்க அந்நிய பாஷையாக விழுந்தது.

ரங்கூனும் பினாங்கும் பார்த்தவர் காசிம் லெப்பை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“அரபு இல்ல. மலாய் இல்ல. பர்மாக்காரங்க பேச்சும் இல்ல,” என்றவர் அவனைப் பரிவோடு பார்த்தார். “தம்பி, நீங்க எந்த ஊரு?”

பிறந்த நாளிலிருந்து அவனை ‘டேய் மாணிக்கம்’ என்று கூப்பிட்ட மனிதர்.

“கப்பல் ஆளு போலக்கீது, பாவம்,” என்று தானியேல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ராஜமாணிக்கம் செம்புக்குள் பார்த்தான்.

அதில் தெரிந்தது, அவன் எரித்த முகம்.

செம்பை எறிந்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான். ஊருக்கு அடையாளம் தெரியாமல் போகட்டும். பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குமா தெரியாமல் போகும்? அவள் ஒருத்தி தெரிந்துகொண்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு நம்பிக்கைதான் அவனிடம் மிச்சமிருந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. தட்டினான்.

சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள். “யாரு? இன்னா வேணும்?”

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அந்தச் சொல்தான் வந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கதறினான். அவள் பயந்து ஒரு எட்டு பின்வாங்கி, வீட்டுக்குள் திரும்பிச் சொன்னாள்.

“யோவ், யாரோ கப்பல் ஆளு வந்து அழுதுக்கினு நிக்கிறாரு. பேசறது ஒண்ணும் புரியல. பாவமாக்கீது.”

யாரிடம் பேசுகிறாள்?

உள்ளே பாய் சரசரத்தது. இலையில் சோறு பிசையும் சத்தம் நின்றது.

“நம்ம ஊட்டு ஆளு இல்ல,” என்றது ராஜமாணிக்கத்தின் சொந்தக் குரல். “கதவ சாத்திட்டு வா. கொயம்பு ஊத்து.”

அவள் சாத்தினாள்.