அம்மாவின் மணிக்கட்டுப் பட்டை

சிட்டுவின் அம்மா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரு நாள் ஏணியில் நின்றிருந்தபோது அவருக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, கீழே விழவில்லை.

டாக்டரம்மா, இதயத்துடிப்பை அளந்து எண்ணாகக் காட்டும் பட்டை ஒன்றை அம்மாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டார்.

"ஒரு வாரம் போட்டிருங்க. குளிக்கும்போது மட்டும் கழட்டிடுங்க."

அம்மா குளிக்கப் போனார். பட்டை மேசையில் கிடந்தது. சிட்டுவின் கை சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டுப் பட்டாணியையும் கூப்பிட்டுக்கொண்டாள். இருவரும் அதை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு கயிறு தாண்டினார்கள்.

"எனக்கு நூத்தி அம்பது!" என்றாள் பட்டாணி.

"எனக்கு நூத்தி எழுபத்திரண்டு! நான்தான் ஜெயிச்சேன்!" என்று மூச்சு வாங்கினாள் சிட்டு.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வேர்வை ஈரத்தோடு பட்டையை அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடினார்கள். மறுநாளும் இதே கூத்து.

வாரம் முடிந்தது. அம்மாவோடு சிட்டுவும் டாக்டரம்மாவிடம் போனாள். பட்டையில் பதிவானதைத் திரையில் பார்த்த டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியது.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் துடிப்பு நூத்தி எழுபத்திரண்டு. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"வீட்லதான் இருந்தேன். ஓடியாடி ஒண்ணும் செய்யலையே."

"சும்மா இருக்கும்போதே இவ்வளவு வேகமா? மாத்திரை ஆரம்பிக்கணும். ஏணி ஏறுறதையும் நிறுத்திடுங்க."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "ஏணி ஏறாம நான் என்ன வேலை பார்க்கிறது, டாக்டர்?"

சிட்டுவுக்குக் காது மடல் சுட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால், அம்மா வேண்டாத மாத்திரையை விழுங்குவாரே!

"அது அம்மாவோடது இல்ல, டாக்டர்." சிட்டு மேசையருகே போனாள். "என்னோடது. நான்தான் கட்டிக்கிட்டுக் கயிறு தாண்டினேன். புதன்கிழமையும்."

"வேற யாராவது கட்டினாங்களா?"

"பட்டாணி."

"பட்டாணியா?"

"என் ஃபிரெண்டு."

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். மணி, நிமிடம் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். "மாத்திரை இப்போ வேண்டாம். இன்னொரு வாரம் சரியா அளந்துட்டு முடிவு பண்ணலாம்."

பிறகு அம்மாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பட்டை இருந்த இடம் சிவந்து தடித்திருந்தது. "பட்டைக்கு அடியில வேர்வை தங்கினா இப்படித்தான் ஆகும்."

சிட்டு தன் செருப்பையே பார்த்தாள். அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீடு வந்து சேரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா குளிக்கும்போது சிட்டு பட்டையை ஈரத்துணியால் துடைத்தாள். காய்ந்த துணியால் ஒற்றினாள். அம்மா வந்ததும் தலை நிமிராமல் நீட்டினாள்.

"அந்தக் கை புண்ணாயிருக்கும்மா. இந்தக் கையில கட்டவா?"

அம்மா மறு கையை நீட்டினார். ஒரு விரல் நுழையும் அளவு விட்டுச் சிட்டு கட்டினாள்.

"இறுக்குதாம்மா?"

"இல்ல. சரியா இருக்கு."

அந்த வாரம் முழுவதும், தினமும், அவளேதான் துடைத்தாள்; அவளேதான் கட்டிவிட்டாள்.

அடுத்த முறை திரையைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதயம் நல்லா இருக்கு. வெயில்ல சாப்பிடாம வேலை பார்த்திருக்கீங்க, அதான் தலை சுத்தியிருக்கு. நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு ஏணி ஏறுங்க."

வெளியே வந்ததும் அம்மா சிட்டுவின் தோளில் கை போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.