தேனீக்கள் திரும்பும் வரை

முந்திரிக்கு இன்னொரு பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவள் முந்திரிதான்.

ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் அவள் பதிலை முடித்துவிடுவாள். பாதி நேரம் அந்தப் பதில் சரியாகக்கூட இருக்கும். பக்கத்து வீட்டில் அழைப்பு மணி அடித்தால் இவள் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். தெருவே அவளை முந்திரிக்கொட்டை என்றது. நாளாக ஆகக் கொட்டை உதிர்ந்து, முந்திரி மட்டும் மிஞ்சியது.

அன்று பள்ளி விடுமுறை. முந்திரி அம்மாவின் உருளைக்கிழங்கு மண்டியில் காலிச் சாக்குகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தாள். உதறும்போதெல்லாம் மண் பறந்தது. மண் பறக்கும்போதெல்லாம் தும்மல் வந்தது.

அப்போது தெருவில் ஒரு லாரி பெருமூச்சு விட்டபடி வந்து நின்றது. முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. லாரி நிறைய மரப்பெட்டிகள். பெட்டிகளின் மேல் மெல்லிய வலை போர்த்தியிருந்தது.

ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஓர் அக்கா குதித்து இறங்கினாள். கூட வந்த கிளீனர் கையில் கிழிந்த ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி ஓடினார்.

முதலில் போய் நின்றது யார் என்று சொல்லத் தேவையில்லை.

"அக்கா, பெட்டிக்குள்ள என்ன? உம்முனு பாட்டு கேக்குதே?"

"தேனீ."

"எவ்வளவு இருக்கும்?"

"எண்ணிப் பார்த்தா எனக்கும் சொல்லு" என்று அக்கா சிரித்தாள். ஆனால் அவள் கண் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ராத்திரியோட ராத்திரியா மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கணும். ரேடியேட்டர் குழாய் கிழிஞ்சு வழியிலயே மாட்டிக்கிட்டோம். வெயில் ஏறுறதுக்குள்ள புதுக்குழாய் வந்துட்டா நல்லது."

"மலையில என்ன இருக்கு?"

"ஆப்பிள் தோட்டம். இப்பதான் பூத்திருக்கு. பூ கொஞ்ச நாள்தான் நிக்கும். அதுக்குள்ள இவங்க பூவுக்குப் பூ போயிட்டு வந்தாத்தான் காய் பிடிக்கும்."

"ஏன், அந்த ஊர்ல தேனீயே இல்லையா?"

"இருந்துச்சு. அப்ப மலை முழுக்கக் காடு. மரப்பொந்துல எல்லாம் கூடு கட்டியிருந்துச்சாம். காட்டை வெட்டி ஆப்பிள் வெச்சாங்க. ஆப்பிளுக்கு மருந்து அடிச்சாங்க. பூச்சி போச்சு. கூடவே தேனீயும் போச்சு. அதனால பூக்குற நேரம் பார்த்து நாங்க கொண்டு போறோம். போன மாசம் இவங்க சூரியகாந்தித் தோட்டத்துல இருந்தாங்க. அதுக்கு முன்னாடி கடுகு."

முந்திரி பெட்டிகளை அண்ணாந்து பார்த்தாள். அவள் இதுவரை போன ஊர்கள் இரண்டு. இந்தத் தேனீக்கள் பூவைத் தேடி எத்தனை ஊர் போயிருக்கும்!

"டிக்கெட் எடுக்காமலேயா?" என்றாள்.

"டிக்கெட்டும் கிடையாது, ஜன்னல் சீட்டுக்குச் சண்டையும் கிடையாது."

வெயில் ஏறியது. கிளீனர் வரவில்லை. பெட்டிகளிலிருந்து வந்த பாட்டின் சத்தம் கூடிக்கொண்டே போனது. அக்கா லாரியின் மேல் ஏறி ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று கையை எடுத்தாள்.

"கொதிக்குது" என்றாள். "உள்ள இருக்குற கூடெல்லாம் மெழுகு. சூடு தாங்காம உருகினா எல்லாரும் அதுலயே ஒட்டிக்கிட்டுச் செத்துடுவாங்க. அடைச்சு வெக்கக் கூடாது."

அவள் வலையைச் சுருட்டி மேலே ஏற்றினாள்.

அவ்வளவுதான். தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்தன. தெருவில் சன்னல்கள் படபடவென்று மூடின. இரண்டு சைக்கிள்கள் வந்த வழியே திரும்பின. எதிரே இருந்த ஜூஸ் கடையிலிருந்து கடைக்கார மாமா, வடிகட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடிவந்தார்.

"ஐயோ, என் அன்னாசிப்பழம்! விடியக்காலையில எழுந்து நறுக்கினேனே! இது கடையா, தேன்கூடா?"

"அண்ணே, பயப்படாதீங்க. சீண்டாம இருந்தா ஒண்ணும் பண்ணாது" என்று அக்கா லாரியின் மேலிருந்தே கத்தினாள். அவளுக்கு இறங்கி வர நேரமில்லை. சின்னக் கைப்பம்பால் பெட்டிகள் மேல் தண்ணீர் தூவிக்கொண்டிருந்தாள். ஒரு வரிசை நனைவதற்குள் அடுத்த வரிசை காய்ந்தது.

"நான் சீண்ட மாட்டேன். கடைக்கு வர்றவங்க கையை வீச மாட்டாங்களா? கொட்டினா யாரைக் கேப்பாங்க? என்னைத்தானே!" மாமா போனை உயர்த்திக் காட்டினார். "பூச்சி மருந்து அடிக்கிறவருக்குச் சொல்லியாச்சு. வந்துகிட்டே இருக்காரு!"

அக்காவின் கை அப்படியே நின்றது.

"வேண்டாம்ணே. ஒரு தடவை அடிச்சா வெளியில இருக்குறதெல்லாம் செத்துடும். மருந்தோட திரும்பிப் போற ஒண்ணு ரெண்டு, உள்ள இருக்குறவங்களையும் சேத்துக் கொன்னுடும்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. என் பொழப்பை யாரும்மா பார்ப்பாங்க?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது முந்திரிக்கு. அதுதான் பெரிய சிக்கல்.

அவள் மெதுவாக ஜூஸ் கடை வாசல்வரை போனாள். கையை ஆட்டாமல் நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் விநோதமாக இருந்தது. நறுக்கிவைத்த அன்னாசித் துண்டுகள் மேல் நாலைந்து தேனீக்கள்தான் இருந்தன. ஆனால் தரை துடைத்துப் போட்டிருந்த ஈரத்துணியில் துணியே தெரியாத அளவுக்குத் தேனீ. சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சுற்றியும் அப்படித்தான். டம்ளர் கழுவும் வாளியில் சில தேனீக்கள் விழுந்து, இறக்கை நனைந்து, வட்டம் வட்டமாகத் தத்தளித்துக்கொண்டிருந்தன.

முந்திரி ஓர் உறிஞ்சுகுழலை எடுத்து ஒரு தேனீக்கு நீட்டினாள். அது பிடித்துக்கொண்டு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது குழலை விட்டுவிட்டு அவள் விரலில் ஏறி, பயத்தில் நறுக்கென்று கொட்டியது.

நெருப்பு வைத்தது போல் இருந்தது. 'ஆ' என்ற சத்தம் தொண்டைவரை வந்துவிட்டது. சரியாக அந்த நேரத்தில், முதுகில் மருந்து டேங்குடன் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார்.

இப்போது கத்தினால் என்ன ஆகும் என்று முந்திரிக்குத் தெரியும்.

அவள் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கினாள். கொட்டிய விரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எங்க பூச்சி?" என்று கேட்டபடி வந்த மருந்துக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு நின்றார். "என்னங்க இது, தேனீயா? போன்ல கரப்பான் மாதிரி இல்ல சொன்னீங்க?"

"பூச்சின்னு சொன்னேன். இதுவும் பூச்சிதானே!" என்றார் மாமா.

"மாமா!" முந்திரி நடுவில் வந்து நின்றாள். "இதுங்க உங்க பழத்துக்கு வரல. தண்ணிக்கு வந்திருக்கு. பாருங்க, பழத்துல எத்தனை இருக்கு, துடைக்கிற துணியில எத்தனை இருக்குன்னு."

மாமா வடிகட்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தார். மருந்துக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அட ஆமா" என்றார் மருந்துக்காரர்.

"தண்ணி கொண்டுபோய்த் தெளிச்சுப் பெட்டியைக் குளிர வைக்கிறாங்க" என்று அக்கா மேலிருந்து சொன்னாள். "ஒருத்தி விடாம சுமக்குறாங்க. என் பம்பு ஒண்ணு போதலையே!"

முந்திரி சட்டென்று திரும்பினாள். "அண்ணா, உங்க டேங்க்ல நல்ல தண்ணி நிரப்பி லாரி மேல அடிக்கலாமா?"

மருந்துக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். "ஐயையோ! எத்தனை தடவை கழுவினாலும் இதுல மருந்து ஒட்டியிருக்கும். இதைத் தூரமா வெச்சுட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரேன்."

அது சரிவரவில்லை. முந்திரி யோசித்தாள். ஈரத்துணியில் உட்கார்ந்த தேனீ ஒன்றுகூட முழுகவில்லை. வாளியில் விழுந்தவைதான் முழுகின. அப்படியென்றால் தண்ணீரும் வேண்டும், நிற்க இடமும் வேண்டும்.

அவள் மண்டிக்கு ஓடினாள். "அம்மா, சாக்கு!"

"எத்தனை?" என்றாள் அம்மா.

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"உன்கிட்ட எதுக்குன்னு கேட்டா நீ சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிடும். எத்தனைன்னு சொல்லு."

அம்மாவே ஒரு கட்டுச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர்த் தொட்டியில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, லாரிக்குப் பக்கத்திலிருந்த குட்டைச்சுவரின் மேல் வரிசையாக விரித்தார்கள். மண்டி வாசலில் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து, கை கழுவிவிட்டு வந்த மருந்துக்காரரும் அம்மாவும் லாரிக்கு மேலாக இழுத்துக் கட்டினார்கள். பெட்டிகள் மேல் நிழல் விழுந்தது.

"மாமா, நீங்க குழாயை இறுக்கி மூடுங்க. வாளியில விழுந்ததை எல்லாம் நான் எடுத்துடுறேன், அப்புறம் மூடி போடுங்க. தரையைக் காயத் துடைச்சிடுங்க. உங்க கடையில தண்ணி இருந்தாத்தானே வருவாங்க?"

"என் கடையில என்னையே வேலை வாங்குறியா?" என்றார் மாமா. ஆனாலும் துடைத்தார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ஈரச்சாக்கின் பக்கம் ஒரு தேனீயும் வரவில்லை.

முந்திரி வாளியிலிருந்து காப்பாற்றிய தேனீக்களை உறிஞ்சுகுழலோடு கொண்டுவந்து சாக்கின் மேல் விட்டாள். அவை கொஞ்ச நேரம் இறக்கையை உலர்த்தின. பிறகு ஒன்று தலையைக் குனிந்து சாக்கை உறிஞ்சியது. வயிறு நிறையக் குடித்துவிட்டு, எழும்பி, நேராகத் தன் பெட்டிக்குள் போனது.

"போதும்" என்றாள் அக்கா. "அவ போய்ச் சொல்லிடுவா."

அவள் போய்ச் சொல்லித்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பத்துத் தேனீக்கள் வந்தன. பிறகு கணக்கே இல்லை. சாக்குகள் தேன் நிறத்துக்கு மாறின. ஒன்றையொன்று இடிக்காமல், தள்ளாமல், குடிப்பதும் பறப்பதும் திரும்புவதுமாக இருந்தன. ஜூஸ் கடையில் வழிதவறிய ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சின. மூடிய சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"வேலைன்னா இது வேலை!" என்று மூட்டை சுமந்து பழகிய அம்மா வாய்விட்டுச் சொன்னாள்.

அக்கா ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு தணிந்திருந்தது. அவள் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. கீழே இறங்கி வந்து முந்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனாள். முந்திரி "ஸ்ஸ்" என்றாள்.

"கொட்டிடுச்சா? எப்போ?"

"அப்பவே. மருந்து அண்ணா வந்தாரே, அப்ப."

"கத்தவே இல்லையே நீ?"

"கத்தினா அடிச்சிருப்பாங்களே."

அக்கா அவள் விரலை விரித்துப் பார்த்தாள். நகத்தால் கொடுக்கை வழித்து எடுத்தாள். ஜூஸ் கடை மாமா துணியில் ஐஸ் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். ஓடிவந்த வேகத்தில் வடிகட்டி கீழே விழுந்து உருண்டது. அம்மாதான் நம்பமுடியாமல் கேட்டாள். "என் பொண்ணா? கத்தாம இருந்தாளா?"

மாலை நெருங்கும்போது கிளீனர் புதுக்குழாயுடன் வந்தார். மாட்டினார். தண்ணீர் ஊற்றினார். லாரி உறுமியது. தெருவில் எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா உடனே எஞ்சினை நிறுத்திவிட்டாள்.

"என்னம்மா, கிளம்பலையா?" என்றார் மாமா.

"இன்னும் நிறையப் பேர் வெளியில இருக்காங்கண்ணே. பொழுது சாஞ்சாத்தான் வீட்டுக்கு வருவாங்க."

"இத்தனை இருக்கே, கொஞ்சம் விட்டுட்டுப் போனா என்ன?"

"நீங்க பஸ்ல ஊருக்குப் போறீங்க. வழியில டீ குடிக்க இறங்குறீங்க. இத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தரை விட்டா என்னன்னு டிரைவர் கிளம்பிட்டா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். கடைக்குள் போய் முக்காலியை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்தார். "இருக்கட்டும். வரட்டும்" என்றார்.

மற்றவர்களும் வந்தார்கள். சற்றுத் தள்ளி, சுவர் ஓரமாக, படிக்கட்டுகளில், திருப்பி வைத்த கூடைகளின் மேல் உட்கார்ந்தார்கள். மருந்துக்காரரும் வீட்டுக்குப் போகவில்லை. பேசியவர்கள் மெதுவாகப் பேசினார்கள்.

வெயில் மஞ்சளானது. தேனீக்கள் திரும்பத் தொடங்கின. மொட்டை மாடிகளுக்கு மேலிருந்தும், மின்கம்பிகளுக்கு நடுவிலிருந்தும் சின்னச் சின்னப் பொறிகளாக வந்து, தத்தம் பெட்டிக்குச் சரியாக இறங்கின. ஒன்றுகூட வீடு மாறவில்லை.

"அக்கா, சிலதுக்குக் காலெல்லாம் மஞ்சளா இருக்கு!"

"மகரந்தம். பூவைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"இந்தத் தெருவுலயா? இங்க ஏது பூ?"

எல்லாரும் தலையை உயர்த்தினார்கள். மூன்றாவது மாடியில் ஒருவர் தொட்டியில் வைத்த தக்காளிச் செடி. மொட்டை மாடியில் பூசணிக்கொடி. தெருமுனையில் நிற்கும் மரம். அது உச்சி முழுக்கப் பூத்திருந்தது. தினமும் அதன் அடியில் ஸ்கூட்டரை நிறுத்தும் யாருமே இதுவரை அதைப் பார்க்கவில்லை. காலையில் வந்த விருந்தாளிகள் மாலைக்குள் பார்த்துவிட்டார்கள்.

இருட்டத் தொடங்கியது. பெட்டிகளுக்குள் பாட்டு மெல்லத் தணிந்தது. சாக்கின் ஓரத்தில் ஒரே ஒரு தேனீ மட்டும் இருந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னொரு வாய் தண்ணீர் குடித்தது. அவசரமே இல்லாமல் எழும்பி, தார்ப்பாயைச் சுற்றி, கீழ் வரிசையில் ஒரு பெட்டிக்குள் நுழைந்தது.

ஜூஸ் கடை மாமா மூச்சு விட்டார்.

அம்மா தார்ப்பாயை அவிழ்த்தாள். அக்கா வலையை இறக்கிக் கட்டினாள். முந்திரியின் தலையைக் கலைத்துவிட்டு, லாரியில் ஏறினாள். "விடியறதுக்குள்ள மலையில இருப்போம்" என்றாள்.

லாரி மெதுவாக நகர்ந்தது. ஜூஸ் கடை மாமா நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் வீசி ஆட்டினார். லாரி முனையில் திரும்பி மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு மாமா இவ்வளவு நேரம் டாட்டா?" என்று கேட்டாள் முந்திரி.

"ஒருத்தரா ரெண்டு பேரா?" என்றார் மாமா. "எல்லாருக்கும் சொல்லி முடிக்க வேண்டாமா?"