கை போகும் தூரம்

யாரும் கம்ப்யூட்டரில் துளையட்டை போடவில்லை. கை நகர்ந்தது.

ஞானசேகரன் தலையைத் தூக்கினான். மதியம் மூன்று மணி. ஜன்னலில்லாத மெஷின் அறையில், ஈரக் குடைகளின் வாடையும் சூடான எண்ணெயின் வாடையும் ஏ.சி. குளிரோடு கலந்து கிடக்க, அடுக்கிவைத்த ஆறு காந்தத் தட்டுகள் சுழன்றுகொண்டிருந்தன. சீப்புப் பல் போன்ற கை அவற்றினிடையே நுழைந்து எதையோ படித்துவிட்டுத் திரும்பியது. கிர்ர்ர், டக்.

கம்பெனி ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தார், பன்னிரண்டாயிரம் பேரின் பதிவுகள் அந்தத் தட்டுகளில் இருந்தன. கையின் அலைச்சலைக் குறைப்பது அவன் வேலை. அதற்கொரு புரோகிராம் எழுதியிருந்தான்: அடிக்கடி தேடப்படும் பதிவு நாளுக்கு நாள் கைக்குப் பக்கத்தில் வரும். சத்தத்தின் நீளத்தை வைத்தே கை போன தூரத்தைச் சொல்லிவிடுவான்.

"கேக்காத பேரைப் போய்ப் படிக்குது, நாணு."

"உம்மைவிட நன்னா வேலை செய்யறது, ஓய்," என்றான் பக்கத்து மேஜை நாணு. "கை தட்டுல படாம பாத்துக்கும். மயிரிழை தூரம் மேல மிதக்கணும். பட்டா அந்தப் பதிவு போச்சு."

கை தானாகப் படித்த எண்களை ஞானசேகரன் குறித்துவைத்தான். மூன்று பேர். சத்தம் தினமும் குறுகிக்கொண்டே வந்து வெறும் டக் ஆன மறுநாள், ஒவ்வொருவருக்கும் பதிவை அழிக்கச் சொல்லும் நீக்கல் அட்டை வந்தது. காரணம்: மரணம்.

நான்காவது எண் லூர்து மேரி. அவன் மனைவி.

அவள் பதிவைத் தட்டின் நடுவை ஒட்டிய கடைசி வட்டத்துக்கு, கைக்கு மிகத் தூரமாக, மாற்றினான். புரோகிராமை எடுத்துவிட்டான். பதிவையே அழிக்கப் பயம். அழிக்க அவள் பேரில் நீக்கல் அட்டை வேண்டும்.

மறுநாள் கை நீளமாகப் போனது. அடுத்த நாள் அவ்வளவு இல்லை. வெள்ளிக்கிழமை, கிர். அவ்வளவுதான்.

மெஷினை நிறுத்தினான். தட்டடுக்கைக் கழற்றி, வட்ட மூடி போட்டு, பைக்குள் வைத்து, செம்பூர் வீட்டுக்கு ரயில் ஏறினான்.

மேரி கதவைத் திறந்து சிரித்தாள். "என்ன, கேக்கு டப்பா கொண்டாந்திருக்கீய? கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு."

"ஆபீஸ் சாமான். தொடாத."

"சரி. என்னைய என்னத்துக்கு இப்படிப் பாக்கீய?"

மேஜையில் வைத்தான். இங்கே மெஷின் இல்லை. கை இல்லை. வெறும் தட்டு. குழாயடிக்குப் போய் முகம் கழுவினான். வெளியே மழை.

டக்.

ஓடினான்.

மூடி தரையில். தட்டுகள் சுழன்றன. சத்தமில்லாமல். மேரி பக்கத்தில் நின்றாள். கை நீட்டி. ஆள்காட்டி விரல் தட்டுக்கு மேலே. மயிரிழை.

"மேரி."

அவள் திரும்பவில்லை. விரல் விளிம்பிலிருந்து அவள் பதிவு இருந்த இடத்துக்கு நகர்ந்தது. நின்றது.

இறங்கத் தொடங்கியது.