எழுபத்து மூன்று புள்ளி இடைவெளி

மாநாட்டு மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது காலை ஒன்பது மணி. பேச்சாளர்களுக்கென்று தனி மேஜை போட்டிருந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டையை எடுத்துக் கொடுத்த பெண், பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்ககூடப் பேசுறவங்க ஆன்லைன்லதானே வர்றாங்க? அவங்களுக்கு அட்டை போடலை."

நான் மட்டும்தான் பேசுகிறேன் என்றேன். அவள் பட்டியலை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். என் பெயருக்கு மேலே குச்சியின் பெயர் இருந்தது. வருகை என்ற கட்டத்தில், 'தொலைவிலிருந்து.' பழைய விண்ணப்பத்தைப் பார்த்து யாரோ அப்படியே போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். அந்த விண்ணப்பத்தில் இரண்டு பேருமே நேரில் வருவதாகத்தான் எழுதியிருந்தோம் என்பது பாதிக் காபியில்தான் உறைத்தது.

குச்சி என்பது அலுவலகத்தில் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர். ஒட்டடைக்குச்சியின் உயரம், ஏறக்குறைய அதே பருமன். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மருத்துவமனைகளுக்கான முன்பதிவு இணையப் பக்கம் ஒன்றை அவள் வடிவமைத்தாள். அதற்கு நான் நிரல் எழுதினேன். அதைப் பற்றிப் பேச இருவருமாக விண்ணப்பித்தோம். பதில் வருவதற்குள் நான்கு நாள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியிலேயே அவள் போய்விட்டாள். பேச்சு தேர்வாகிவிட்டது என்ற கடிதம் அடுத்த வாரம் வந்தது.

முதல் ஸ்லைடிலிருந்து அவள் பெயரை எடுத்தேன். கேட்க வருகிறவர்களுக்கு எதற்குத் துக்கம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சும்மா. பெரிய நிறுவனம் ஒன்றின் வடிவமைப்புத் தலைவி முன்வரிசையில் உட்காரப் போகிறார். அவர் என்னை வேலைக்குக் கூப்பிட வேண்டும். பேர் எனக்கு மட்டும் வேண்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பெயரை எடுத்தவள், கோப்பிலிருந்து ஆளை எடுக்க மறந்துவிட்டேன். எங்கள் ஸ்லைடுகள் பல பேர் ஒரே நேரத்தில் திறந்து வேலை பார்க்கும் பொதுக் கோப்பில் இருந்தன. யார் உள்ளே வந்தாலும் அவர்களுடைய அம்புக்குறி, பெயரோடு, மற்றவர்கள் திரையிலும் ஓடும். குச்சியுடையது ஆரஞ்சு நிறம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் என் முறை வந்தது. திரை தெரிய வேண்டுமென்று விளக்குகளை அணைத்தார்கள். ஜன்னலில்லாத கூடம். நூற்றைம்பது பேர் இருட்டில் இருமுவதும் நாற்காலியை இழுப்பதும் மட்டும் கேட்டது. தலைக்கு மேல் புரொஜெக்டர் முனகிக்கொண்டிருந்தது.

முதல் ஸ்லைடைப் போட்டேன்.

ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். மூன்றாவது ஸ்லைடில், படத்துக்குக் கீழே இருந்த வரி மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. ஒரு திரைப்புள்ளி. இன்னும் ஒரு புள்ளி. ஒலிபெருக்கியில், சன்னமாக, விசை தட்டும் சத்தம்.

டக். டக்.

குச்சியின் வேலை அது. எதையும் இருந்த இடத்தில் இருக்க விடமாட்டாள், கையைப் பிடித்து நிறுத்தும்வரை தட்டிக்கொண்டே இருப்பாள். கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் குரலை உயர்த்திப் பேசி முடித்தேன்.

கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவர் அந்தத் தலைவிதான்.

"எல்லா இடைவெளியும் எட்டோட மடங்கா வச்சிருக்கீங்க. உறுதி பட்டனுக்கும் ரத்து பட்டனுக்கும் நடுவுல மட்டும் எழுபத்து மூணு புள்ளி. ஏன்?"

எனக்குத் தெரியாது. நிரல் எழுதும்போது நானும் அவளைக் கேட்டிருக்கிறேன். அப்புறம் சொல்றேன், இப்ப அப்படியே போடுடி என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை. அது ஒரு கைத்தவறு என்று சொல்ல வாயெடுத்தேன்.

திரையின் ஓரத்தில் ஆரஞ்சு அம்புக்குறி வந்து நின்றது.

அதன் வாலில் அவள் பெயர்.

என் இரண்டு கைகளும் மைக்கைப் பிடித்திருந்தன.

அம்புக்குறி ஊர்ந்து வந்து இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் நின்றது. அங்கே ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

'அப்பாவோட விரல் அவ்வளவு தூரம் நடுங்குது. அளந்து பார்த்தேன்.'

கூடமே கைதட்டியது. திட்டமிட்டுச் செய்தது என்று நினைத்துவிட்டார்கள். தலைவியும் சிரித்துவிட்டு, "அவங்களும் சேர்ந்திருக்காங்களா? எங்கேருந்து?" என்றார்.

அம்புக்குறி அசையவில்லை. என் பதிலுக்குக் காத்திருந்தது.

"கொஞ்சம் தூரத்துலேர்ந்து," என்றேன். "இந்த வடிவமைப்பு முழுக்க அவளோடது. அவ பேரை ஸ்லைடுலேர்ந்து எடுத்தது நான்தான்."

ஆரஞ்சு நிறம் அணைந்தது. வாடையும் போய்விட்டது. விளக்கு போட்டபோது நான் அழுதுகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

அலுவலகத்தில் கணினிக் கணக்குகளைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் போட்டேன். அவளுடைய கணக்கை அவள் இறந்த மாதமே மூடியாயிற்று என்றார். மாலையில் குச்சியின் அப்பாவைக் கூப்பிட்டு, நான் செய்தது அனைத்தையும் சொன்னேன்.

"ஒருநாள் என் கையைத் திரைமேல வச்சு அளந்தாம்மா," என்றார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா."

அத்தோடு தீர்ந்தது என்றுதான் நம்பினேன். பொதுக் கோப்பிலிருந்து அவள் பெயரை நீக்கவில்லை, மனம் வரவில்லை. முதல் ஸ்லைடில் அவள் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் போட்டேன்.

நேற்று மதியம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த வருட மாநாட்டுக்கு நீங்கள் அனுப்பிய விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்றிருந்தது. நான் எதையும் அனுப்பவில்லை. பேச்சாளர்கள் இரண்டு பேர். முதலில் அவள் பெயர், வருகை என்ற கட்டத்தில் 'தொலைவிலிருந்து.'

அடுத்து என் பெயர்.

எனக்கும் அதையேதான் போட்டிருந்தது.