முப்பத்தெட்டுப் பேருக்கு எத்தனை சஹன்?

ஸில்மியாவின் உம்மா கையில் தும்புத்தடியை எடுத்துவிட்டால் வீட்டில் எவரும் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நின்றால் குப்பையோடு குப்பையாக அவரையும் கூட்டித் தள்ளிவிடுவார். போன வருடம் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். நுளம்பு முட்டையிடும்படி தண்ணீர் தேங்கக்கூடிய எதைக் கண்டாலும் உம்மாவுக்குக் கண் சிவந்துவிடும்.

ஆகவே, சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர் கூடித் துப்புரவு செய்யும் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் என்றதும் உம்மாதான் முதல் ஆளாகப் போய் நின்றார். ஸில்மியா தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். பின்னேரம் வியர்த்து விறுவிறுத்து வந்த உம்மாவின் முகம் பெருநாள் முகம் போல இருந்தது.

"உங்கட வகுப்ப இப்ப போய்ப் பாரு மகள், பளபளண்டு இரிக்கி. ஒரு மூலைக்குள்ள சாக்குச் சாக்கா யோகட் கப்பும் சிரட்டையும்! நுளம்புக்கு மாளிகை கட்டி வெச்சிரிக்காங்க. எல்லாத்தையும் குப்பை டிரக்டர்ல ஏத்தி அனுப்பிட்டன்."

உம்மாவின் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க ஸில்மியாவுக்கு மனம் வரவில்லை. அது நுளம்புக்குக் கட்டிய மாளிகை இல்லை. அது கைருன்னிஸா டீச்சரின் கணக்கு மூலை.

அந்த மூலை எப்படிப்பட்டது என்று ஸில்மியாவைக் கேட்டால்தான் தெரியும். மூன்றாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு என்றாலே பயம். கரும்பலகையில் இருக்கும் இலக்கங்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும். நாலாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் கைருன்னிஸா டீச்சர் அவளைத் தரையில் இருத்தி, முன்னால் நாலு யோகட் கப்பை வைத்து, கையில் புளியங்கொட்டைகளைக் கொடுத்தார். "ஒவ்வொண்டாப் போட்டுக்கொண்டு போ புள்ள. கடைசியா ஒரு கப்புக்குள்ள எத்தினை இரிக்கெண்டு எண்ணு. அதுதான் வகுத்தல். வேற ஒண்டுமில்ல."

அன்றைக்கு ஸில்மியாவுக்கு வகுத்தல் கணக்கு வந்தது. வந்தது மட்டுமில்லை, பிடித்தும் போனது. அந்த மூலையில் கூட்டல் படிக்க சோடா மூடிகள் இருந்தன. பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ்கிறீம் குச்சிகள் இருந்தன. தறிக்காரர்கள் கொடுத்த வெறும் நூல் கட்டைகள் இருந்தன. ஈர்க்கில் முள் வைத்த அட்டைக் கடிகாரம் ஒன்றும் இருந்தது. பெரும்பாலானவை டீச்சர் வருடக் கணக்காகக் கடற்கரையிலும் கல்யாண வீட்டிலும் குனிந்து குனிந்து பொறுக்கியவை.

எல்லாம் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் டீச்சர் கையில் ஒரு புதுப் பையோடு வந்தார். சனிக்கிழமை அவருக்கு அக்கரைப்பற்றில் பயிற்சி வகுப்பு. வகுப்பறைக்கான உபகரணங்களைக் கழிவுப் பொருட்களில் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்களாம். இதைக் கேட்டு யாராவது சிரிக்க நினைத்தால் சிரிக்கலாம். ஸில்மியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் மூலையைப் பார்த்தார். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

"எங்க புள்ளையள், நம்மட சாக்கு?"

"சிரமதானத்துல அள்ளிட்டாங்க டீச்சர்" என்றான் இன்ஷாப். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் வாயைத் திறப்பவன் அவன்தான்.

"ஆரு?"

யாருக்கும் தெரியவில்லை. ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் குனிந்து அலுமாரிக்கு அடியில் பார்த்தார். ஒரே ஒரு ஐஸ்கிறீம் குச்சி கிடந்தது. அதை எடுத்துத் தூசியை ஊதித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "பரவாயில்ல. புத்தகத்த எடுங்க" என்றார். அந்தக் குரல் டீச்சரின் குரல் மாதிரியே இல்லை. அன்று முழுக்கக் கரும்பலகைதான். இலக்கங்கள் மறுபடியும் ஸில்மியாவைப் பார்த்துச் சிரித்தன.

வீட்டுக்கு வந்ததும் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

உம்மா தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றார். "யா அல்லாஹ்! நான் குப்பையெண்டுதானே நினைச்ச. அத வெச்சிப் படிப்பிப்பாங்க எண்டு எனக்கென்ன தெரியும்?"

முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு டிரக்டர்க்காரரைத் தேடிப் போனார். திரும்பி வந்தபோது அவரது கை வெறுமையாக இருந்தது. "எல்லாத்தையும் நசிச்சுக் கொட்டிட்டாங்களாம் மகள்."

"வேற கப் சேர்ப்பம் உம்மா."

அதற்கும் வழியில்லை. ஊர் முழுக்க அதே சனிக்கிழமை சிரமதானம் நடந்திருந்தது. பக்கத்து வீடு, எதிர் வீடு, கடைத்தெரு, எங்கே போய்க் கேட்டாலும் ஒரு யோகட் கப் கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, இனி வகுப்பறைக்குள் கப், சிரட்டை எதுவும் வைக்கக் கூடாது என்று பள்ளிக்கூட அதிபரும் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. டெங்கு பொல்லாதது என்று ஸில்மியாவுக்கே தெரியும். தம்பியின் கையில் ஊசி குத்திய இடங்களை அவள் பார்த்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில், இன்னும் பெரிய இடி விழுந்தது. கைருன்னிஸா டீச்சர் பக்கத்து வகுப்பு சுஜித்தா டீச்சரோடு கதைத்துக்கொண்டிருந்தார். ஸில்மியா போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"இனி எனக்கு ஏலா சுஜித்தா. லீவு முடிஞ்சி அடுத்த தவணை தொடங்கினதும் என்னைப் பெரிய வகுப்புக்கு மாத்தித் தாங்க எண்டு அதிபர்ட்டக் கேட்டிரிக்கன். அங்க புத்தகமும் வெண்கட்டியும் போதும். மறுபடியும் ஒவ்வொண்டாப் பொறுக்க எனக்குத் தெம்பில்ல."

"இந்தப் புள்ளையள் பாவமில்லையா?" என்றார் சுஜித்தா டீச்சர்.

கைருன்னிஸா டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போத்தல் நிரம்பித் தண்ணீர் ஸில்மியாவின் சப்பாத்தை நனைத்தது. டீச்சர் போகப் போகிறார், அதற்குக் காரணம் தன் உம்மா. டீச்சரிடம் சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

புதன்கிழமை பின்னேரம் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் கந்தூரி விருந்து. பாய் விரித்து, சஹன் என்ற பெரிய தட்டுகளில் சோறும் இறைச்சியும் வைத்து, ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். பெண்கள் பக்கம் ஆட்களை இருத்துவது உம்மாவின் வேலை. "இங்க நாலு பேர்தான் இரிக்கீங்க. இன்னும் ரெண்டு பேர் வாங்ககா! அங்க ஏழு பேர், ஒராள் எழும்புங்க!" என்று உம்மா சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தார்.

ஸில்மியாவும் ஒரு சஹனில் இருந்தாள். மற்ற ஐந்து பேரும் வளைத்துக் கட்டினார்கள். அவளுக்கு ஒரு பிடி சோறும் இறங்கவில்லை. நல்ல இறைச்சித் துண்டை யாரோ அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அது அப்படியே ஆறிப் போனது.

வியாழக்கிழமை. டீச்சர் கரும்பலகை முன்னால் நின்றார். புதுக் கணக்கு யோசிக்கக்கூட அவருக்கு மனம் இல்லை போலும். பலகையின் மூலையில் அன்றைய பிள்ளைகள் வரவு 38 என்று எழுதியிருந்தது. அதையே எடுத்து, 38 ÷ 6 என்று எழுதினார்.

"ஸில்மியா, வந்து செய்."

அவள் போனாள். வெண்கட்டியைப் பிடித்தாள். கப் இல்லை, கொட்டை இல்லை. முன்னால் கறுப்பாக ஒரு சுவர். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இப்போதே தரை பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்று ஸில்மியா நினைத்தாள்.

"தெரியல்லையா? சரி, போய் இரி" என்றார் டீச்சர். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை.

ஸில்மியா திரும்பினாள். வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டில் அவளைக் கழித்து மிச்சம் எல்லாரும் வரிசை வரிசையாக இருந்தார்கள். கந்தூரி வீட்டில் சோறு வைக்கும் முன்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தார்கள்.

ஆறு பேருக்கு ஒரு சஹன்!

"டீச்சர்! மேசைகளத் தள்ளிப் போட்டுட்டு எல்லாரும் கீழ இரிக்கட்டா?"

"ஏன்?"

"கணக்குச் செய்ய."

டீச்சர் கையை அசைத்தார். செய் என்றாரா, என்னவும் செய்துகொள் என்றாரா தெரியவில்லை. ஸில்மியா செய் என்றே எடுத்துக்கொண்டாள். மேசைகள் கிறீச்சிட்டு ஓரத்துக்குப் போயின. அவள் வெண்கட்டியால் தரையில் பெரிய வட்டம் ஒன்று போட்டாள்.

"இது சஹன். ஆறு பேர் வந்து இரிங்க!"

வகுப்புக்கு உடனே விளங்கிவிட்டது. தள்ளுமுள்ளுப்பட்டு வந்து இருந்தார்கள். ஒரு வட்டம் நிரம்பியதும் அடுத்த வட்டம் போட்டாள். குரல் அவளை அறியாமலே உம்மாவின் குரலாகிவிட்டது. "இங்க அஞ்சு பேர்தான்! இன்னும் ஒராள் வாங்க! பஹ்மி, நீ அங்க ஏழாவது ஆள், எழும்பு!"

"இந்த சஹன்ல இறைச்சி காணாது!" என்றான் பஹ்மி. வகுப்பு கொல்லென்று சிரித்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அந்த வகுப்பே சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது.

ஆறு வட்டங்கள் நிரம்பின. இறைச்சி அதிகம் இருக்கும் சஹன் எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஷாப் இடமில்லாமல் நின்றான். ஆட்களை இருத்திக்கொண்டிருந்த ஸில்மியாவும் நின்றாள்.

"ஆறு சஹன் டீச்சர்! மீதி ரெண்டு! நானும் இவனும்தான் மீதி!"

டீச்சர் கதிரையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

ஸில்மியா அவர் பக்கத்தில் போனாள். இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருபோதும் சொல்ல வராது.

"டீச்சர்... அந்த சாக்குகள ஏத்தி அனுப்பினது எங்கட உம்மா. தம்பிக்கு டெங்கு வந்த பொறகு உம்மாவுக்குப் பயம். குப்பையெண்டு நினைச்சிட்டாங்க. எனக்குச் சனிக்கிழமையே தெரியும். நான் சொல்லல்ல."

ஸில்மியாவின் கண்ணீர் வெண்கட்டித் தூசி படிந்த கையில் விழுந்தது.

டீச்சர், "தம்பிக்கு இப்ப சுகமா புள்ள?" என்று கேட்டார்.

"சுகம் டீச்சர். அல்ஹம்துலில்லாஹ். சுவரெல்லாம் கிறுக்கிறான்."

டீச்சர் சேலைத் தலைப்பால் ஸில்மியாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

இன்ஷாப் பொறுமை இழந்துவிட்டான். "மீதி ஆக்களுக்குச் சாப்பாடு இல்லையா?"

ஸில்மியா ஏழாவது வட்டத்தைப் போட்டாள். இன்ஷாப் தொப்பென்று இருந்தான். அவளும் இருந்தாள். இரண்டு பேருக்கு அது மிகப் பெரிய வட்டம். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க டீச்சர். எங்கட சஹன்ல இடம் இரிக்கி."

கைருன்னிஸா டீச்சர் சேலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக வந்து தரையில் இருந்தார். இல்லாத சோற்றை இன்ஷாப் அவர் பக்கம் தள்ளிவிட்டான்.

"டீச்சர், அடுத்த தவணையும் நீங்கதானே எங்களுக்கு?" என்று கேட்டாள் ஸில்மியா.

டீச்சர் வெறும் மூலையைப் பார்த்தார். அங்கே இன்னும் ஒன்றும் இல்லை. பிறகு நிரம்பியிருந்த தரையைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "நாளைக்கு சஹனுக்கு நாலு பேர். எல்லாரும் கையைக் கழுவிட்டு வாங்க."

ஸில்மியா எழுந்து ஓடினாள். கரும்பலகையின் மூலையில் 38 என்று இருந்ததைக் கையால் அழித்துவிட்டு, 39 என்று எழுதினாள்.